ஹரிக்கேன் 3 நியோ: ரப்பரும் அதன் உறையில் உள்ள எண்களும்

சீனாவின் டிஎச்எஸ் நிறுவனம் தயாரிக்கும் ஹரிக்கேன் 3 நியோ ரப்பரை என் மேசைப்பந்து பேட்டின் ஃபோர்ஹேண்ட் பக்கத்தில் ஒட்டிச் சில மாதங்களாக ஆடிவருகிறேன். எங்கள் அரங்கில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் சிலரும் இதையே ஒட்டியிருக்கிறார்கள். பந்தை மோதி அனுப்பாமல் உரசிச் சுழற்றி அனுப்பக் கற்றுக்கொண்ட ஒருவருக்கு, இந்த விலையில் இதைவிட நல்ல ஃபோர்ஹேண்ட் ரப்பர் கிடைக்காது என்பதே என் முடிவு. ஆனாலும் இதை வாங்கி ஒட்டிய ஒரு மாதத்திலேயே வெறுத்துப்போய்க் கழற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் தங்களுக்குத் தேவையானதை வாங்கவில்லை. உறையில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் கடைப் பட்டியலில் இருக்கும் சொல்லையும் அவர்கள் ஒருவிதமாகப் படித்தார்கள். அந்த எண்ணையும் சொல்லையும் எழுதியவர்கள் வேறொரு நாட்டு வழக்கில் எழுதியிருந்தார்கள். மேசைப்பந்துக் கருவிகளுக்குச் சீனர், ஜப்பானியர், ஜெர்மானியர், அமெரிக்கர், நம்மவர் என ஒவ்வொருவரும் தனித்தனிப் பெயரும் அளவும் வைத்திருப்பதால், இந்த ரப்பரின் தரத்தைப் பற்றி எழுதும்போது அதை எந்தப் பெயரில் கேட்டு வாங்குவது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

ஷாங்காயைச் சேர்ந்த இந்த நிறுவனத்தின் முழுப்பெயர் டபுள் ஹேப்பினஸ். 1959இல் டோர்ட்மண்டில் நடந்த உலகப் போட்டியில் ரோங் குவோதுவான் ஆடவர் ஒற்றையர் பட்டம் வென்று, எந்த விளையாட்டிலும் சீனாவின் முதல் உலகச் சாம்பியனானார். மக்கள் சீனக் குடியரசுக்கும் அந்த ஆண்டுதான் பத்து வயது நிறைந்தது. இரண்டு மகிழ்ச்சியும் சேர்ந்து வந்ததால் பிரதமர் சூ என்லாய் இந்தப் பெயரைத் தேர்ந்தார் என்பது அந்நிறுவனத்தின் வரலாறு. அந்த நிறுவனம் வெளியே ஹரிக்கேன் என்று விற்கும் ரப்பருக்குச் சீனாவுக்குள் குவாங்பியாவ் என்று பெயர். அங்குள்ள ஆட்டக்காரர்கள் அதையும் முழுதாகச் சொல்வதில்லை. கடைகளில் எல்லோருக்கும் விற்கும் சாதாரண வகை அவர்களுக்குப் பூகுவாங். மாநில அணிகளுக்கென்று தேர்ந்தெடுத்த வகை ஷெங்குவாங். தேசிய அணிக்கான வகை குவோகுவாங். மூன்றுக்கும் உலக மேசைப்பந்துச் சம்மேளனத்தின் அங்கீகாரப் பட்டியலில் பெயர் ஒன்றுதான். ஆனால் தேர்வும் விலையும் வெகுவாக வேறுபடும். நம்மவர் இதையே கமர்ஷியல், புரொவின்ஷியல், நேஷனல் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொள்கிறோம்.

இதில்தான் முதல் குழப்பம் பிறக்கிறது. ரியோவிலும் டோக்கியோவிலும் அடுத்தடுத்து ஒலிம்பிக் ஒற்றையர் தங்கம் வென்ற மா லோங்கின் ஃபோர்ஹேண்டில் இருந்தது தேசிய அணி வகை, அதுவும் நீல ஸ்பாஞ்ச் (பந்து படும் மேல்தோலுக்கு அடியில் இருக்கும் பஞ்சு அடுக்கு) கொண்டது. அதைக் கண்ட நம் பிள்ளைகள் 'புளூ ஸ்பாஞ்ச்' என்றாலே நேஷனல் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மாநில அணி வகையிலும் நீலம் உண்டு, ஆரஞ்சும் உண்டு. ஸ்பாஞ்சின் நிறத்தை வைத்துத் தரத்தை அறிய முடியாது. உறையில் என்ன வகை என்று குறித்திருக்கிறது, வாங்கும் இடம் நம்பத்தக்கதா என்பவற்றையே பார்க்க வேண்டும். நான் இங்கே மதிப்பிடுவது ஆரஞ்சு ஸ்பாஞ்ச் கொண்ட சாதாரண வகை நியோ. கல்லூரி அணி, மாவட்ட அணி அளவில் ஆடுபவருக்கு இதற்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை என்று உறுதியாகச் சொல்வேன். தேசிய வகைக்குப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய ஒருவரின் பேட்டை இரவல் வாங்கி ஆடிப் பார்த்திருக்கிறேன். அதன் மேல்தோல் ஒரே சீராக இருந்தது, பந்து ஆழமாக அமுங்கி எழுந்தது, உண்மைதான். அந்த வித்தியாசத்தைப் புள்ளிகளாக மாற்ற வேண்டுமானால் நாள்தோறும் பல மணி நேரம் பயிற்சி எடுக்கும் உடல் வேண்டும்.

'நியோ' என்ற சொல் இருக்கிறதா இல்லையா என்பதும் முக்கியமானது. நியோ இல்லாத பழைய ஹரிக்கேன் 3இன் ஸ்பாஞ்ச் எந்தப் பதமும் செய்யப்படாதது. அப்படியே ஒட்டினால் பந்து உயிரற்று விழும். நியோ என்று பெயரிட்டவற்றின் ஸ்பாஞ்சைத் தொழிற்சாலையிலேயே பதப்படுத்தி அனுப்புகிறார்கள். உறையைப் பிரித்ததும் எண்ணெய் வாடை லேசாக எழுகிறது. ஸ்பாஞ்ச் பக்கம் கீழே இருக்குமாறு மேசையில் வைத்தால் ரப்பரின் ஓரங்கள் மேலே எழும்பி நிற்கின்றன. ஸ்பாஞ்ச் விரிந்து மேல்தோலை இழுப்பதன் அடையாளம் அது. மேல்தோலை மூடியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்கும்போது அது ஒட்டிக்கொண்டு வர மறுத்து, பிறகு சர்ரென்ற ஓசையுடன் பிரிகிறது. புதிய ரப்பரைப் பந்தின் மேல் அழுத்தி மெல்லத் தூக்கினால், பந்து ஓரிரு கணம் ஒட்டிக்கொண்டு கூடவே வந்து பிறகு விழுகிறது. ஜப்பானிலோ ஜெர்மனியிலோ தயாராகும் வழக்கமான ரப்பர்களில் இதைக் காண முடியாது. அவை பந்தைப் பிடிப்பது ரப்பரின் நெகிழ்வால், இது பிடிப்பது பிசுபிசுப்பால்.

அடுத்து டிகிரி. வாங்குபவரை அதிகம் ஏமாற்றுவது இந்த ஒரு எண்தான். ஹரிக்கேன் 3 நியோ பொதுவாக 39, 40, 41 டிகிரிகளில் கிடைக்கிறது. எண் கூடினால் ஸ்பாஞ்ச் கடினம். ஜப்பானின் பட்டர்ஃபிளை நிறுவனமும் தன் ரப்பர்களுக்கு டிகிரி போடுகிறது: டெனர்ஜி 05க்கு 36, டிக்னிக்ஸ் 05க்கு 40, டிக்னிக்ஸ் 09சிக்கு 44. ஜெர்மனியில் தயாராகிப் பல ஐரோப்பிய நிறுவனங்களின் பெயரில் வரும் ரப்பர்களில் 45, 47.5, 50 என்று பார்க்கலாம். மூன்றும் டிகிரிதான், ஆனால் மூன்றும் மூன்று அளவுகோல்கள். டிக்னிக்ஸ் 05இல் ஆடிப் பழகிய ஒருவர் 'எனக்கு 40 சரியாக இருந்தது, ஹரிக்கேனிலும் 40 வாங்கிக்கொள்கிறேன்' என்று கேட்டால், கைக்கு வருவது அவர் பழகியதைவிட வெகுவாகக் கடினமான ஸ்பாஞ்ச். ஜெர்மானிய 50இல் ஆடியவரோ 39 என்பதைப் பார்த்து மிக மென்மையானது என்று ஒதுக்கிவிடுவார். என் கையில் டிஎச்எஸ்ஸின் 39, அந்த 50க்குச் சற்றும் இளைத்ததாகத் தெரியவில்லை. டிஎச்எஸ் நிறுவனமே இரண்டு அளவுகோல்களையும் பயன்படுத்துகிறது என்பதை நம் ஆட்டக்காரர்கள் கவனிக்க வேண்டும். அதன் கோல்டு ஆர்க் 8 ஜெர்மனியில் தயாராவதால் அந்த உறையில் 47.5, 50 என்றிருக்கும். ஷாங்காயில் தயாராகும் ஹரிக்கேனில் 39, 40 என்றிருக்கும். ஒரே நிறுவனத்தின் இரண்டு உறைகளை அருகருகே வைத்து, எண் சிறியதாக இருப்பதால் ஹரிக்கேன்தான் மெத்தென்றிருக்கும் என்று நினைப்பவருக்கு நேர்மாறான ரப்பர் கிடைக்கும். எனவே எந்த ஊர் எண் என்று தெரிந்துகொள்ளாமல் டிகிரியை மட்டும் சொல்லி ரப்பர் வாங்காதீர்கள். இந்த ரப்பருக்குப் புதியவர்கள் 39இல் தொடங்குவதே நல்லது. 41 தோளும் இடுப்பும் முதிர்ந்தவர்களுக்கானது.

தடிமன் பற்றியும் ஒரு சொல். உறையில் உள்ள 2.15 என்பது ஸ்பாஞ்சின் தடிமன் மட்டும், மில்லிமீட்டரில். ஆட்ட விதியில் வரும் 4.0 மில்லிமீட்டர் என்பது மேல்தோல், ஸ்பாஞ்ச், பசை எல்லாம் சேர்ந்த உச்சவரம்பு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல ரப்பர்களுக்கு 'மேக்ஸ்' என்று மட்டும் போடுவார்கள். அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஹரிக்கேனில் 2.2 எடுத்துப் பசையையும் கனமாகப் பூசினால் வரம்பைத் தொட்டுவிடும் வாய்ப்பு உண்டு. பேட் சோதனை நடக்கும் போட்டிகளுக்குச் செல்பவர்கள் 2.15க்கு மேல் போக வேண்டாம்.

ஆட்டத்துக்கு வருகிறேன். முதல் நாள் இந்த ரப்பர் யாரையும் மகிழ்விக்காது. டெனர்ஜி வகை ரப்பர்களில் பந்து பட்டதும் ஸ்பாஞ்ச் தானாகவே உதைத்து அனுப்பும். கையை பாதி வீசினாலும் பந்து எதிர்ப்பக்கம் போய்ச் சேரும். ஹரிக்கேனில் பாதி வீச்சுக்குப் பாதிப் பலன்கூடக் கிடைக்காது, பந்து வலையில் விழும். கால் ஊன்றி, இடுப்பைத் திருப்பி, முன்கையைக் கடைசி நொடியில் முடுக்கிப் பந்தை உரசினால்தான் ஸ்பாஞ்ச் திறந்துகொள்கிறது. அப்படித் திறந்துகொண்ட பிறகு கிடைக்கும் டாப் ஸ்பின் வேறு ரகம்: பந்து தாழ்வாகப் போய், மேசையில் பட்டதும் குத்திக்கொண்டு முன்னே பாய்கிறது. பிளாக் செய்ய பேட்டைச் சும்மா நீட்டிய எதிராளியின் பந்து மேசையைத் தாண்டிப் பறப்பதைப் பல முறை பார்த்தேன். கட் செய்து, அதாவது கீழ்ச்சுழற்சியோடு வரும் கனமான பந்தைக் கீழிருந்து மேலாக உரசித் தூக்கி லூப் போடுவதில் இதற்கு நிகரானது என் அனுபவத்தில் இல்லை. பந்து வழுக்குமோ என்ற அச்சம் மறைந்துவிடுகிறது.

மேசைக்கு மேலான சிறு ஆட்டத்தில் இதன் அருமை இன்னும் தெரிகிறது. மெதுவான தொடுகைக்கு ஸ்பாஞ்ச் விழித்துக்கொள்ளாததால், எதிராளியின் குட்டையான சர்வீஸை வலைக்கு அருகிலேயே குட்டையாகத் திருப்பி வைக்க முடிகிறது. இரண்டாம் துள்ளலும் மேசைக்குள்ளேயே விழுகிறது. சர்வீஸ் போடும்போது பந்தின் அடியை மெல்லியதாகச் சீவினால் பிசுபிசுப்பு அதைப் பிடித்து முறுக்கி அனுப்புகிறது. எங்கள் அரங்கில் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி இந்த ரப்பருக்கு மாறியதும் அவளுடைய சர்வீஸில் வந்த மாற்றத்தை, எதிரே நின்று எடுத்தவர்கள் முகத்திலேயே காண முடிந்தது. குறையும் உண்டு. மேசையை விட்டுப் பின்வாங்கி ஆடுபவர்களுக்கு இது உழைப்பைக் கூட்டும். எதிராளியின் சுழற்சியும் இதில் நன்றாக ஒட்டிக்கொள்வதால், பேட்டின் கோணம் சற்றே பிசகினாலும் பந்து திசைமாறும். கனமும் கூடுதல், வெட்டி ஒட்டிய பிறகு 50 கிராமை ஒட்டி நிற்கிறது, இரண்டு பக்கமும் இதையே ஒட்டினால் மணிக்கட்டு நோகும்.

பெயர்க் குழப்பத்தின் மறுபாதி ரப்பரின் வகைப் பெயர்களில் இருக்கிறது. புள்ளிகள் எனப்படும் சிறு ரப்பர் முனைகள் உள்ளே, வழவழப்பான முகம் வெளியே இருக்கும் ஹரிக்கேன் போன்ற ரப்பரை ஆங்கிலம் பேசுவோர் 'இன்வெர்டட்', அதாவது திருப்பிப் போட்டது என்கிறார்கள். சீனர்களின் ஃபான்ஜியாவ் என்பதற்கும் திருப்பிய ரப்பர் என்றே பொருள். ஜப்பானியர் ஊரா, பின்பக்கம், என்கிறார்கள். புள்ளிகள் வெளியே தெரிவது சீனர்களுக்கு ஜெங்ஜியாவ், நேரான ரப்பர். ஜப்பானியருக்கு ஓமோத்தே, முன்பக்கம். இன்று உலகில் மிகப் பெரும்பாலோர் பயன்படுத்துவது 'திருப்பிய' வகையாக இருக்கும்போது அதற்கு ஏன் இந்தப் பெயர் என்பதற்கு விடை வரலாற்றில் இருக்கிறது. ஸ்பாஞ்ச் வருவதற்கு முன்பு பேட் என்றாலே புள்ளி வெளியே தெரியும் மெல்லிய ரப்பர்தான்; அமெரிக்கர்கள் இப்போது ஹார்ட்பேட் என்று அழைப்பது அதைத்தான். 1952இல் உலகப் போட்டி நம் பம்பாயில் நடந்தபோது, ஜப்பானின் ஹிரோஜி சாத்தோ தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய பேட்டுடன் வந்து, பந்து படும் ஓசையே கேட்காமல் ஆடி ஆடவர் ஒற்றையர் பட்டத்தை எடுத்துச் சென்றார். அதன் பிறகு சில ஆண்டுகள் ஆளுக்கொரு தடிமனில் ஸ்பாஞ்ச் ஒட்டிக்கொண்டிருக்க, 1959இல்தான் விதி வகுத்து வரம்பு கட்டினார்கள். புள்ளி ரப்பரை ஸ்பாஞ்சின் மேல் உட்புறமாகத் திருப்பி ஒட்டியதால் வந்ததே அந்தப் பெயர். ஜெர்மானியர் மட்டும் வரலாற்றைத் தொடாமல், நோப்பன் இன்னன், நோப்பன் ஆவுசன், அதாவது புள்ளி உள்ளே, புள்ளி வெளியே என்று கண்ணில் படுவதைச் சொல்லிவிடுகிறார்கள். உலகச் சம்மேளனத்தின் அங்கீகாரப் பட்டியலும் இன், அவுட், லாங் (நீளப் புள்ளி), ஆன்டி (பந்தைப் பிடிக்காத வழுக்கு ரப்பர்) என்று இதே முறையில் வகைப்படுத்துகிறது. எந்த நாட்டுக் கடையிலும் ஐயம் வந்தால் இந்தப் பட்டியலின் சொல்லைக் கேட்பதே பாதுகாப்பு.

நம் அரங்குகளில் 'பிம்பிள்' என்றால் புள்ளி வெளியே இருப்பது, 'லாங் பிம்பிள்' என்றால் நீளப் புள்ளி. பிரிட்டிஷ் வழக்கிலிருந்து வந்த சொல் இது. அமெரிக்கர்கள் இதையே 'பிப்ஸ்' என்பார்கள். இந்திய வீராங்கனை மணிகா பத்ராவின் பேக்ஹேண்டைப் பார்த்து நீளப் புள்ளி வாங்க ஆசைப்படும் பிள்ளைகள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். ஐரோப்பிய உறைகளில் 'ஓஎக்ஸ்' என்றிருந்தால் அது ஸ்பாஞ்ச் இல்லாத வெறும் மேல்தோல். ஜப்பானியர் அதை ஒற்றைத் தாள் என்ற பொருளிலும் சீனர் ஒற்றைத் தோல் என்ற பொருளிலும் குறிப்பார்கள். ஸ்பாஞ்ச் உள்ளதும் இல்லாததும் ஆட்டத்தில் முற்றிலும் வேறு.

இந்த ரப்பரை எதன் மேல் ஒட்டுவது? ரப்பர் ஒட்டாத மரப்பகுதியை நம் கடைகளில் 'பிளை' என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். ஒட்டுப்பலகையிலிருந்து வந்த வழக்கு அது. அதே சொல் அடுக்குகளின் எண்ணிக்கைக்கும் பயன்படுவதால் '5 பிளை உள்ள பிளை' என்று சொல்லும் நிலை நமக்கு மட்டுமே உரியது. ஆங்கிலத்தில் பிளேடு, ஜெர்மனில் ஹோல்ட்ஸ், பிரெஞ்சில் புவா. பின்னிரண்டுக்கும் மரம் என்பதுதான் பொருள். சீனத்தில் திபான், அடிப்பலகை. ஜப்பானில்தான் சிக்கல்: அங்கே கடையில் ராக்கெட் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் மரத்தை மட்டுமே குறிக்கும், ரப்பர் தனியாக வாங்க வேண்டும். உலகச் சம்மேளனத்தின் விதிப்புத்தகத்தில் ராக்கெட் என்பது ரப்பரோடு கூடிய முழுக் கருவி. அதையே பிரிட்டனும் நாமும் பேட் என்கிறோம், அமெரிக்காவில் பொழுதுபோக்காக ஆடுவோர் பேடில் என்கிறார்கள். ஜப்பானியக் கடையிலிருந்து 'ராக்கெட்' வரவழைத்து, ரப்பர் இல்லாத வெறும் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

கைப்பிடிச் சொற்களில் இன்னும் பெரிய பள்ளம் இருக்கிறது. அடி அகன்ற கைப்பிடி எஃப்எல், நேரான கைப்பிடி எஸ்டி என்ற குறியீடுகள் பெரும்பாலும் எங்கும் செல்லும். ஜெர்மானியர் எஃப்எல்லைக் குழிந்தது என்ற பொருளில் கொன்காவ் என்பார்கள். சீனர்கள் பேட்டைப் பிடிக்கும் முறையை வைத்து இரண்டாகப் பிரிக்கிறார்கள். கைகுலுக்குவதுபோலப் பிடிக்கும் ஷேக்ஹேண்ட் அவர்களுக்கு ஹெங்பான், கிடைப்பலகை. பேனா பிடிப்பதுபோலப் பிடிக்கும் பென்ஹோல்ட் அவர்களுக்கு ஜிபான், நேர்ப்பலகை. சீனக் கடைப் பட்டியலை இயந்திரம் மொழிபெயர்க்கும்போது பென்ஹோல்ட் 'ஸ்ட்ரெயிட்' ஆகிவிடுகிறது. எங்கள் அரங்கு மாணவர் ஒருவர் நேரான கைப்பிடி வேண்டுமென்று அதைத் தேர்ந்தெடுக்க, வந்து சேர்ந்தது உள்ளங்கைக்குக்கூடப் போதாத குட்டைக் கைப்பிடி கொண்ட பென்ஹோல்ட் பலகை. விற்றவர் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. 'சிஎஸ்' என்ற குறியீடு இருந்தால் அது சீன பென்ஹோல்ட். ஷேக்ஹேண்ட் ஆடுபவர்கள் எஃப்எல் அல்லது எஸ்டி என்று இருப்பதை மட்டுமே தொட வேண்டும்.

ஹரிக்கேனுக்கு ஏற்ற மரம் எது என்பதில் என் கருத்து உறுதியானது. ரப்பர் கடினமாக இருப்பதால் மரம் சற்று நெகிழ்ந்து கொடுக்க வேண்டும். முழுதும் மரத்தால் ஆன ஐந்து அடுக்குப் பலகையில் ஒட்டியபோது பந்து கையில் தங்கும் உணர்வு நன்றாகக் கிடைத்தது. கார்பன் கலந்தவற்றில், இழை மையத்துக்கு அருகே இருக்கும் வகைகள் பொருந்துகின்றன. வெளி அடுக்குக்கு அடியிலேயே இழை உள்ளவை, முழு வீச்சு கைவராதவர்களுக்குப் பலகையில் பலகை மோதுவதுபோன்ற உணர்வையே தருகின்றன. கார்பன் எவ்வளவு இருந்தாலும் பலகையின் தடிமனில் 85 விழுக்காடாவது இயற்கை மரமாக இருக்க வேண்டும் என்பது விதி.

ஒட்டும் பசைக்கும் இரண்டு பெயர்கள். நாம் வாட்டர் குளூ என்று சொல்லும் நீர்ப்பசையைச் சீனக் கடைகள் வூஜி என்று குறிக்கின்றன. இயந்திர மொழிபெயர்ப்பில் அது 'கனிமப் பசை' என்று வரும். யோவ்ஜி என்றிருப்பது கரைப்பான் கலந்த பழைய வகை. வேகத்தைக் கூட்ட அந்த வகைப் பசையைப் பூசி ஆடும் பழக்கம் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கோடு முடிவுக்கு வந்தது. அதை இன்றைக்கு வாங்குவதில் பொருளில்லை. ஹரிக்கேனின் ஸ்பாஞ்ச் நீர்ப்பசையை விரைவாக உறிஞ்சுவதால் முதல் பூச்சு முழுதும் காய்ந்த பின் இரண்டாவது பூச்சு தேவைப்படுகிறது. பசை வெண்மை நீங்கிக் கண்ணாடிபோல் தெளிந்த பிறகே பலகையோடு சேர்க்க வேண்டும். அவசரப்பட்டால் ஓரத்தில் குமிழி எழும். ரப்பரை இழுக்காமல் கைப்பிடிப் பக்கத்திலிருந்து உருட்டிக்கொண்டே போய் ஒட்டுங்கள்.

பூஸ்டர் என்னும் எண்ணெய் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நியோவின் தொழிற்சாலைப் பதம் மாதங்கள் செல்லச் செல்லக் குறைகிறது, ரப்பர் படிப்படியாக இறுகுகிறது. அப்போது ஸ்பாஞ்சில் எண்ணெய் பூசி உயிரூட்டும் வழக்கம் பல அரங்குகளில் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட ரப்பரை வேதிப்பொருளாலோ வேறு வகையாலோ எந்தப் பதமும் செய்யாமல் பயன்படுத்த வேண்டும் என்பது சம்மேளனத்தின் விதி. பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் இடத்தில் பயிற்சியாளரே எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொடுப்பது எனக்கு ஏற்புடையதன்று. சாதாரண நியோவின் விலை டெனர்ஜி விலையில் பாதிக்கும் குறைவு; இறுகிவிட்டால் புதிதாக ஒன்றை ஒட்டிவிடலாம்.

பராமரிப்பில் இது சற்றுக் கவனம் கேட்கும் ரப்பர். பிசுபிசுப்பு பந்தைப் பிடிப்பதுபோலவே தூசியையும் பிடிக்கிறது. சிமென்ட் தரையுள்ள, சன்னல் திறந்த நம் அரங்குகளில் ஓர் ஆட்டத்துக்குள்ளேயே மேல்தோல் மங்கிவிடுகிறது. ஆட்டம் முடிந்ததும் ஈரப் பஞ்சால் மெல்லத் துடைத்து, நிழலில் உலரவிட்டு, ஒட்டும் தன்மையற்ற பாதுகாப்புத் தாளைக் காற்றில்லாமல் மூடிவைத்தால் பிசுபிசுப்பு நெடுநாள் நிற்கிறது. கடலோர ஊர்களின் புழுக்கமான மாலைகளில் மேல்தோலில் ஈரம் படிந்து பந்து வழுக்கும். ஆட்டத்தில் ஒரு பாயிண்டுக்கும் அடுத்ததற்கும் இடையே உலர்ந்த துண்டால் ஒற்றியெடுக்க வேண்டும். ரப்பர்களில் சிவப்புக்குப் பதிலாக இளஞ்சிவப்பு, ஊதா, பச்சை, நீலம் ஆகியவற்றுக்கும் 2021 அக்டோபர் முதல் அனுமதி உண்டு; ஒரு பக்கம் மட்டும் கறுப்பாக இருந்தே தீர வேண்டும். ஃபோர்ஹேண்டுக்குக் கறுப்பு ஹரிக்கேனைத்தான் நான் எடுத்தேன்.

ஆடத் தொடங்கி ஓராண்டுகூட ஆகாதவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. அவர்களுக்கு 1969 முதல் விற்பனையில் இருக்கும் யசாக்கா மார்க் ஃபைவ் போன்ற எளிய ரப்பரே போதும். மணிக்கட்டிலோ தோளிலோ வலி உள்ளவர்களும், மேசைக்கு அருகே நின்று பிளாக்கை நம்பி ஆடும் மூத்தவர்களும் இதைத் தவிர்க்கலாம். லூப்பை முழு உடலோடு போடக் கற்றுக்கொண்ட இளையவர்கள், கடையில் 'ஹரிக்கேன் 3 நியோ, கமர்ஷியல், 39 டிகிரி, 2.15, கறுப்பு' என்று ஒன்றுவிடாமல் சொல்லிக் கேளுங்கள். உறையிலும் அதே விவரங்கள் இருக்கின்றனவா, ரப்பரின் அடிப்பகுதியில் சம்மேளனத்தின் முத்திரையும் அங்கீகார எண்ணும் தெளிவாகப் பதிந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். பேக்ஹேண்டுக்கு இதையே வாங்காமல், ஜெர்மானிய அளவில் 45க்கும் 47.5க்கும் இடைப்பட்ட, ஒட்டும் தன்மையற்ற, எடை குறைந்த ரப்பர் ஒன்றை எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.